ஹீற்றரைப் போட வைத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

லண்டன் ஈஸ்ட் ஹாமில் தனியாக இருக்கும் 71 வயதுப் பெண் நான். 2024 கடைசியில் தொடங்கிய அந்தக் குளிர்காலத்தில் என் வீட்டு ஹீற்றர் வேலை செய்தது நாலைந்து பேருடைய தயவால்தான். அதில் ஒருவரின் முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். பெயர் போடவில்லை, அவரவருக்குத் தங்களைத் தெரியும்.

முதலில் கடைக்காரத் தம்பிக்கு. எங்கள் வீட்டில் இருப்பது முன்காசு போடும் மீற்றர். கரண்டுக்கு ஒரு சாவி, கேஸுக்கு ஒரு கார்ட். கடையில் பேபொயிண்ட் மெஷினில் காசு ஏற்றிக்கொண்டு வந்து மீற்றரில் செருகினால்தான் வீடு சூடாகும். கேஸைத் தொடாமல் இருந்தாலும் நாள் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். சும்மா விட்ட மாதங்களுக்கும் சேர்த்து, அடுத்த முறை போடும் காசில் மீற்றர் தன் பங்கை முதலில் பிடித்துக்கொள்ளும். பத்துப் பவுண் போட்டுவிட்டு வந்து பார்த்தால் பாதிகூட மிஞ்சியிராது.

நான் கார்டை நீட்டி "ஐந்து பவுண்" என்றால் தம்பி ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். பிறகு பதினைந்து ஏற்றுவார். "மிச்சத்தைப் பிறகு தாங்கோ அம்மா." அந்த மெஷினால் கடைக்கு வருவது சில்லறைக் காசு, என் கார்டில் அவர் ஏற்றியதோ அவருடைய சொந்தப் பணம். கணக்கை ஒரு பால் பெட்டி மட்டையில் எழுதி வைத்திருந்தார். கடைசியில் அந்த மட்டையைத் தேடி எடுக்கச் சொல்லி அடைத்தது நான்தான். அவராகக் கேட்கவே இல்லை.

அடுத்தது நூலகத்துப் பிள்ளைக்கு. வாரத்தில் ஒரு நாள் அங்கே ஆலோசனை சொல்ல வந்து இருப்பார், வங்காளப் பெண். நான் நூலகத்துக்குப் போனது சூட்டுக்காக. கையுறை கழற்றாமல் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவளை அவர்தான் வந்து விசாரித்தார். அந்த வருடம்தான் என் கணவர் காலமானார். அவருடைய ஓய்வூதியமும் அவரோடு போய்விட்டது. நான் 1999இல், நாற்பத்தைந்து வயதில் வந்தவள். இங்கே முழு அரச ஓய்வூதியத்துக்கு 35 வருடப் பங்களிப்பு வேண்டும். அகதியாகப் பிந்தி வந்து, துப்புரவு வேலை செய்து, இடையில் நோயாளியையும் பார்த்தவர்களுக்கு அது எங்கே வரப்போகிறது?

இந்த மாதிரி ஆட்களுக்கென்றே இருப்பது பென்சன் கிரெடிட். தனி ஆளின் வருமானம் அப்போது வாரம் 218.15 பவுணுக்குக் குறைவாக இருந்தால், மிச்சத்தை அரசு நிரப்பும். ஆனால் கோவிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றால் வேறு கதைகள் கேட்கும். வங்கியில் நாலு காசு இருந்தால் தரமாட்டார்கள், ஊருக்குப் போனால் நிற்பாட்டிவிடுவார்கள், பிள்ளைகளின் சம்பளத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பிள்ளை ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். சேமிப்பில் முதல் 10,000 பவுணைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. நாலு கிழமைக்குள் ஊருக்குப் போய் வந்தால் பணம் நிற்காது. வேறு வீட்டில் இருக்கும் மகனின் சம்பளத்தை யாரும் கேட்பதில்லை.

அப்புறம் அவர் நாட்காட்டியைக் காட்டினார். அதுவரை ஓய்வூதிய வயது வந்த எல்லோருக்கும் கிடைத்த குளிர்கால எரிபொருள் பணத்தை, அந்த வருடம் அரசு பென்சன் கிரெடிட் போன்ற உதவி எடுப்பவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியிருந்தது. டிசம்பர் 21க்குள் விண்ணப்பித்தால் மூன்று மாதம் பின்தேதியிட்டு அதற்கும் தகுதி வரும். தபால் படிவத்தில் இருநூறுக்கு மேற்பட்ட கேள்விகள். "வேண்டாம் ஆன்ட்டி, போனில் செய்வோம்" என்று தன் பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார்.

முகம் பார்க்காதவர் அந்தப் போனில் வந்த மொழிபெயர்ப்பாளர். தமிழ்நாட்டுப் பேச்சு. எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, நான் திருப்பிச் சொல்லும்வரை காத்திருந்தார். "உங்களுடன் யாரும் வசிக்கிறார்களா?" என்ற கேள்வி வந்தபோது எனக்குக் குரல் வரவில்லை. அவர் என்னை அவசரப்படுத்தவில்லை. அதிகாரியிடம் ஆங்கிலத்தில் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். இரண்டு பக்கமும் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "தண்ணி குடிச்சிட்டு வாங்கம்மா, லைன்ல இருக்கோம்" என்றார். தம்பி, நீங்கள் யாரென்று தெரியாது. நன்றாக இருக்க வேண்டும்.

அந்த வருடம் விண்ணப்பங்கள் குவிந்திருந்ததால் முடிவு வர பெப்ரவரி ஆகிவிட்டது. நடுவில் ஜனவரிக் குளிர். அப்போது கைகொடுத்தது எங்கள் பகுதிக் கவுன்சில். குடும்ப உதவி நிதி என்று அரசு அந்த நாளில் கவுன்சில்களுக்குக் கொடுத்த பணத்திலிருந்து எரிபொருள் வவுச்சர் அனுப்பினார்கள். தொலைபேசி எடுத்த அந்த அம்மா, என் மீற்றர் என்ன வகை என்று கேட்டு, கார்டில் ஏற்றக்கூடிய வவுச்சரா என்று பார்த்துத்தான் அனுப்பினார். அது சின்ன விஷயம் இல்லை. தவறான வவுச்சரோடு கடைக்கும் வீட்டுக்கும் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

கேஸ் கொம்பனிக்கு நன்றி எதுவும் இல்லை. செயலியை இறக்கிப் பாருங்கள் என்பதைத் தவிர அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. என் போன் பட்டன் போன்.

முடிவு வந்தபோது பின்தேதிப் பணமும், 200 பவுண் குளிர்காலப் பணமும் சேர்ந்தே வந்தன. அடுத்த குளிருக்கு 150 பவுண் மின்சாரச் சலுகையும் தானாகவே கிடைத்தது. பென்சன் கிரெடிட் இருந்தால் அதற்கு மனுப்போடத் தேவையில்லை. பென்சன் கிரெடிட் எடுப்பவருக்கு 75 வயதானால் ரிவி லைசென்ஸும் இலவசமாம். பார்ப்போம். அரசாங்கத்துக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தக் குளிர்காலப் பணத்தை ஒரு வருடம் பிடுங்கிவிட்டு, சத்தம் எழுந்த பிறகு, 2025இல் வருமானம் 35,000 பவுணுக்கு உட்பட்டவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று திருப்பிக் கொடுத்ததற்கு எவ்வளவு நன்றி சொல்வது என்று யோசிக்கிறேன்.

இதை வாசிக்கும் பிள்ளைகளே, உங்கள் அம்மா அப்பாவின் ஓய்வூதியக் கடிதத்தை எடுத்து வாரத்துக்கு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பென்சன் கிரெடிட் இலக்கம் 0800 99 1234, அழைப்பு இலவசம். எடுத்தவுடன் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். ஒழுங்கு செய்து தருவார்கள். வங்கிக் கணக்கு விபரத்தையும் தேசியக் காப்புறுதி இலக்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள்.

நன்றியுடன்,
ஈஸ்ட் ஹாமிலிருந்து ஓர் அம்மா