மீட்டர் கணக்கில் காணாமல் போகும் எல்போக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகத் திறந்த மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ ஃபால்ஸ் சீலிங்கில் கறை படிந்து, ஏசி தண்ணீர் சொட்டுவதை வாசகர்கள் பலர் பார்த்திருப்பார்கள். பராமரிப்பு சரியில்லை என்று பேசிக்கொள்வார்கள். சென்ட்ரல் ஏசி குழாய் வேலைகளுக்கு எஸ்டிமேட் போடுவது என் தொழில். நான் பார்த்தவரை, பல கட்டடங்களில் இந்தக் கோளாறு டெண்டரிலேயே தொடங்கிவிடுகிறது.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரத்திலிருந்து சுமார் 7 டிகிரியில் தண்ணீர் கொண்டுபோகும் இரும்புக் குழாய்க்கு டெண்டரில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: எல்போ (வளைவு), டீ (கிளை பிரியும் இணைப்பு), ரெடியூசர் (குழாய் அளவைக் குறைக்கும் இணைப்பு) எல்லாம் உட்பட ரன்னிங் மீட்டருக்கு இவ்வளவு. மாடிக்கு மாடி நேராக ஏறும் குழாய்க்கு இது சரி. சில்லரும் பம்ப்பும் இருக்கும் பிளான்ட் ரூமுக்குப் பொருந்தவே பொருந்தாது.

6 இன்ச் குழாயையே எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் நீளக் குழாயை அடுத்த குழாயோடு சேர்க்க ஒரு வெல்டிங் போதும். அதே அளவு லாங் ரேடியஸ் எல்போ அரை மீட்டர்கூட வராது; ஆனால் இரண்டு முனையிலும் வெல்டிங் வேண்டும். டீ என்றால் மூன்று. வெல்டிங் கூலி இன்ச் டயா கணக்கு; அதாவது ஒவ்வொரு வெல்டிங்குக்கும் குழாயின் விட்டம் எத்தனை இன்ச்சோ அத்தனை. ஆக, 6 மீட்டர் குழாய்க்கு 6 இன்ச் டயா, அரை மீட்டர் எல்போவுக்கு 12. எல்போவின் விலை தனி. வளைவுக்குத் தக்கபடி இன்சுலேஷனை (குழாய் மேல் வரும் வெப்பத் தடுப்பு உறை) வெட்டி ஒட்டும் நேரமும் தனி. பில்லில் வருவது அரை மீட்டருக்கான காசு மட்டும்.

பம்ப் அருகே போனால் நேர்க்குழாயே அரிது. வால்வு, ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி), பெல்லோஸ் (அதிர்வைத் தாங்கும் நெளிவு இணைப்பு), ரெடியூசர் என்று அடுத்தடுத்து நிற்கும். வால்வு தனி ஐட்டமாக வந்தாலும், இருபுறமும் வரும் ஃப்ளேஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தட்டு), கேஸ்கெட் (நடுவில் வைக்கும் கசிவுத் தடை), போல்ட் யார் கணக்கு என்பதில் ஒவ்வொரு சைட்டிலும் தகராறு.

படத்தைப் பார்த்து எண்ணாமல், குழாய் விலையில் ஏதோ ஒரு சதவீதத்தை எல்போ, டீ போன்ற ஃபிட்டிங்ஸுக்கு என்று போட்டு, குறைந்த ரேட்டில் வேலையை எடுப்பவர்கள் அப்புறம் அதை சைட்டில்தான் ஈடுகட்டுகிறார்கள். எல்போவுக்குப் பதில் குழாயைச் சாய்வாக வெட்டி ஒட்டுவது, டீக்குப் பதில் ஓட்டை போட்டுக் கிளைக்குழாயைச் சொருகுவது, வால்வுக்கும் ஃப்ளேஞ்சுக்கும் இன்சுலேஷனை அரைகுறையாகச் சுற்றுவது எல்லாம் நடக்கிறது. சென்னையின் ஈரக்காற்று அந்த இன்சுலேஷன் இடைவெளி வழியாகக் குளிர்ந்த இரும்பில் பட்டவுடன் நீராகிறது. வார்டில் படுத்திருக்கும் நோயாளி மேல் சொட்டுவது அதுதான். பம்ப் சக்‌ஷனில் (தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தில்) மேல்பக்கம் தட்டையாக வரவேண்டிய எக்சென்ட்ரிக் ரெடியூசருக்குப் பதில் சாதாரண ரெடியூசரை வைத்தால் மேலே காற்று தங்கும். பம்ப் சத்தம் போட்டுச் சீக்கிரமே கெடும். இதையெல்லாம் கட்டடத்தை ஒப்படைக்கும் நாளில் யாராலும் பார்க்க முடியாது, இன்சுலேஷன் மூடியிருக்கும்.

அரசுத் துறைகளையும் தனியார் கட்டட உரிமையாளர்களையும் நான் கேட்பது இதுதான். நேராக ஓடும் குழாய்க்கு மீட்டர் ரேட் இருக்கட்டும். பிளான்ட் ரூமுக்கும், மாடிகளில் உள்ள ஏ.எச்.யூ. (குளிர்காற்றை அனுப்பும் இயந்திரம்) இணைப்புகளுக்கும் ஐசோமெட்ரிக் (முப்பரிமாணத்தைக் காட்டும்) படம் வரைந்து, எல்போ, டீ, ரெடியூசர், ஃப்ளேஞ்ச் ஒவ்வொன்றையும் அளவு வாரியாக எண்ணி, டெண்டரில் தனித்தனி வரியாகப் போடுங்கள். பம்ப்பின் ஹெட்டையும் (தண்ணீரைத் தள்ளத் தேவையான அழுத்தம்) அந்த எண்ணிக்கையை வைத்தே கணக்கிடச் சொல்லுங்கள். பில் பாஸ் செய்யும் பொறியாளர், இன்சுலேஷன் ஏறும் முன் அதே பட்டியலோடு வந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
எஸ்டிமேஷன் பொறியாளர் ஒருவர்,
அம்பத்தூர், சென்னை.