திருச்சி ஜில்லாவில் இல்லாத புதூர்

சுங்கைப் பட்டாணி, கெடா, மலேசியா

அன்புள்ள சரசு,

நான் ஊரில் இல்லாத நேரத்தில் உன் கடிதம் வந்து கிடந்திருக்கிறது. முழங்கால் வலி குறைந்ததா? பேரனுக்குப் பேர் வைத்தாயிற்றா, இல்லையா, அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. தமிழ்நாட்டுக்குத் தனியாகப் போய்வந்த கதையைச் சொல் என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் இரண்டு பேரும் பாதியிலேயே அழுதுவிடுவோம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உன் பாட்டி ஊரைத் தேடிப் போகப்போவதாகச் சொல்கிறாய், ஆகவே பட்ட அவஸ்தை எதையும் மறைக்கவில்லை.

முதல் சிக்கலே விலாசம்தான். தாத்தா சொல்லச் சொல்ல அப்பா டைரியில் எழுதி வைத்தது ஒரே வரி: "புதூர், உடையார்பாளையம் தாலுகா, திருச்சி ஜில்லா." திருச்சியில் யாரைக் கேட்டாலும் கையை விரித்தார்கள். கடைசியில் ரயில் நிலையத்துக்கு எதிரே புத்தகக்கடை வைத்திருந்த பெரியவர்தான் விளக்கினார். தாத்தா கப்பலேறிய காலத்துத் திருச்சி ஜில்லா, இன்றைய கரூர், பெரம்பலூர், அரியலூர் எல்லாம் சேர்ந்த பெரிய பரப்பாம். 1995இல் கரூரும் பெரம்பலூரும் பிரிந்தன. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, மறு வருஷமே பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007இல் மறுபடி தனியாகிவிட்டது. உடையார்பாளையம் இப்போது அரியலூர் மாவட்டம். நம் வீட்டுப் பெரியவர்கள் நெஞ்சில் வைத்திருந்த ஜில்லாவெல்லாம் வெள்ளைக்காரன் காலத்து ஜில்லா, சரசு. இன்றைய வரைபடத்தில் அதைத் தேடினால் கிடைக்காது.

பணத்துக்கும் திண்டாட்டம்தான். டீக்கடையிலிருந்து கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா வரை எல்லாரும் போனில் ஸ்கேன் செய்துதான் வாங்குகிறார்கள். என் போனில் அது வேலை செய்யவில்லை. ஏ.டி.எம்.மில் ஐந்நூறு ரூபாய்த் தாளாக வந்து விழுகிறது, அதை நீட்டினால் யாரிடமும் சில்லறை இல்லை. ரயில் டிக்கெட்டைக் கவுண்டரில் வரிசையில் நின்று ரொக்கம் கொடுத்துத்தான் வாங்கினேன்.

அரியலூரில் இறங்கி ஜெயங்கொண்டம் பஸ் பிடித்தேன். வி.கைகாட்டி தாண்டி உடையார்பாளையம் வந்தது. தாத்தா வாயால் கேட்டுக் கேட்டு வளர்ந்த பேரை ஒரு கடையின் போர்டில் பார்த்ததும் மனசு கேட்கவில்லை, அங்கேயே இறங்கினேன். பெட்டியை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைக்கச் சொல்லியிருந்தார்கள். பின்வாசல் வழியாக இறங்கி, அதை எடுக்க முன்வாசலுக்கு நடப்பதற்குள் விசில் கொடுத்துவிட்டார்கள். வண்டி போயே போய்விட்டது. பாஸ்போர்ட்டும் பணமும் தோள்பையில் பத்திரமாக இருந்தன. மாற்றுத்துணி, ரத்த அழுத்த மாத்திரை, தாத்தாவின் போட்டோ, எல்லாம் பெட்டியில். மாத்திரையைக்கூட வேறு இடத்தில் வாங்கிவிடலாம். அந்தப் போட்டோ ஒன்றுதான் இருக்கிறது.

நடு ரோட்டில் நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து வந்தார். "டிக்கெட்டக் காட்டும்மா" என்று வாங்கி, பக்கத்தில் நின்ற காலேஜ் பையனிடம் கொடுத்தார். அவன் யார் யாருக்கோ போன் போட்டான். "ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்ட்ல டைம் கீப்பர் ரூம்ல இறக்கி வச்சிருவாங்க, நீங்க அடுத்த வண்டியில போங்க" என்றான். போனேன். சின்ன அறை. மேஜைக்கு அடியில் என் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லச் சொன்னார் டைம் கீப்பர். சொன்னேன். அவரே திறந்து, துணிக்கு நடுவில் இருந்த போட்டோவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோளில் துண்டு, கையை முழங்காலில் ஊன்றி, ஸ்டூடியோ நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் தாத்தா. "இந்த முகவெட்டு நம்ம பக்கந்தாம்மா" என்று சொல்லி, போட்டோவை ஒரு செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். ஆயிரம் பேர் வந்து போகிற பஸ் ஸ்டாண்டில், அவர் சொன்ன அந்த ஒரு சொல்லுக்காகவே நான் அவ்வளவு தூரம் போனது தகும் என்று பட்டது.

அன்று ராத்திரிதான் ரொம்பப் பயந்துபோனேன். அங்கே ஒரு லாட்ஜில் ரூம் இருக்கிறது என்று சாவியையே கையில் கொடுத்துவிட்டார்கள். மலேசியப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய ஒரு படிவத்தை ஆன்லைனில் அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டுமாம். சின்ன லாட்ஜ்காரர்கள் பலர் அந்தத் தொல்லையே வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். நான் தமிழில்தான் பேசினேன், என் தாத்தா ஊர் இங்கேதான் என்றும் சொன்னேன். "புரியுதும்மா, ஆனா ரூல்ஸ்" என்றார் அந்தத் தம்பி. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனாலும் இருட்டில் பெட்டியோடு படியிறங்கினபோது தொண்டை அடைத்தது. ஓட்டமாக ஓடிக் கும்பகோணம் பஸ்ஸைப் பிடித்து, அங்கே வெளிநாட்டுப் பயணிகளுக்குப் பழகின ஒரு ஹோட்டலில் போய் விழுந்தேன். நீ போகும்போது, பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று போனிலேயே சொல்லிவிட்டு அறை போடு.

மறுநாள் அணைக்கரை வழியாகவே திரும்பி வந்து ஓர் ஆட்டோ பிடித்தேன். கெடாவிலிருந்து வருகிறேன், அதுதான் பழைய கடாரம் என்று சொன்னதும் ஆட்டோக்காரருக்கு அப்படி ஒரு உற்சாகம். கங்கைகொண்ட சோழபுரத்தில் வண்டியை நிறுத்தி, "எங்க ராஜா 1025ல உங்க ஊருக்குப் படையெடுத்து வந்தவரும்மா, கும்பிட்டுட்டுப் போவோம்" என்று இறங்க வைத்தார். கோயில் நெஞ்சை அள்ளுகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு ராஜேந்திரனைவிட, இதே மண்ணிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் போய்க் கப்பலேறிய கூலிக்காரர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் பேரை எந்தக் கல்லிலும் யாரும் வெட்டவில்லை.

முந்திரித் தோப்புகளுக்கு நடுவே போய் முதலில் சேர்ந்தது வேறொரு புதூர். அங்கே ஒரு பெரியவர், "உங்க குலசாமி எது?" என்றார். தாத்தா சாகும்வரை ஏரிக்கரை வீரனாரைத்தான் கூப்பிடுவார் என்றேன். "எங்களுக்கு அய்யனாரு. ஏரிக்கரையில வீரனாரு இருக்கிறது அந்தப் பக்கத்துப் புதூரு" என்று கை காட்டினார். ஜில்லாவும் தாலுகாவும் கைவிட்ட இடத்தில் சாமிதான் வழிகாட்டியது.

அடுத்து எழுதப்போவதை உன்னிடம் மட்டும்தான் எழுத முடியும். சரியான புதூரில் டீக்கடையில் உட்கார வைத்து, அன்பாகத்தான் டீ கொடுத்தார்கள். தாத்தா பேரைச் சொன்னதும், "எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். தாத்தாவோட அப்பா பேர், தம்பி பேர் கேட்டார்கள். சொன்னேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப நீங்க காலனிக்குப் போகணும்" என்றார் கடைக்காரர். குரலில் இருந்த இணக்கம் போய்விட்டது. காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுத்துவிடுவதாக 2025இல் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. ஊர் வாயிலிருந்து அது இன்னும் போகவில்லை. தாத்தா ஏன் ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை என்று வீட்டில் எத்தனை தரம் பேசியிருப்போம். காசில்லை, உலகச் சண்டை வந்துவிட்டது, ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்றெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டோம். அவர் 1937இல் போனவர். அடுத்த வருஷமே கூலியாட்களைக் கூட்டிப்போவதை இந்திய அரசு தடை செய்துவிட்டது. சண்டை முடிந்தபின் வந்துபோன கப்பல்களில் ஒன்றில் அவர் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி எவ்வளவு திட்டினாலும் பொறுத்துக்கொண்டவர், இந்த ஊரின் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஏன் அப்படி எழுந்து போனார் என்பது அந்த டீக்கடை பெஞ்சில் எனக்கு விளங்கியது. கோபம் வந்தது, சரசு. இன்னும் இருக்கிறது.

தெற்கே போய் அந்தத் தெருவில் தாத்தா பேரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியவில்லை. பெனாங்குக்குப் போனவர் என்றதும், "பெனாங்குக்காரன் வீடா!" என்று பிள்ளைகள் முன்னால் ஓடின. வீட்டு வாசலில் நின்ற ஒருவர் மட்டும் வழிவிடாமல், "என்ன விசயமா வந்திருக்கீங்க? மனைப் பட்டா எங்க அப்பா பேர்ல இருக்குது" என்றார். இடத்தில் பங்கு கேட்க வந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். தப்பு சொல்ல முடியாது. இருக்கிற கையளவு இடத்துக்கு அவர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தானே தெரியும். எனக்கு ஒரு பிடி மண்ணும் வேண்டாம், பெரியவர்கள் யாராவது இருந்தால் முகம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆயா வந்தார். தாத்தாவின் தம்பி மகள், எனக்கு அத்தை முறை. எண்பது தாண்டியிருக்கும். போட்டோவைக் கையில் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். அப்புறம் கேட்ட முதல் கேள்வி: "பெரியப்பாவப் பொதைச்சீங்களா, எரிச்சீங்களா?" புதைத்தோம் என்றேன். "இருக்காரா இல்லையான்னு தெரியாம நாங்க ஒண்ணுமே செய்யலியே தாயி. எங்கப்பன் சாவுற வரைக்கும் அண்ணனுக்கு வாய்க்கரிசி போடலியேன்னு சொல்லிக்கிட்டே கெடந்துச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நம் பக்கம் கடிதம் நின்றுபோனதை நாம் மறந்தேவிட்டோம். அவர்கள் பக்கம் ஒரு மனிதன் உயிரோடும் இல்லாமல் செத்தும் போகாமல் இத்தனை காலம் நின்றிருக்கிறான். அன்று சாயங்காலமே ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார். சூடம் கொளுத்தி, வீரனாரிடம் தாத்தா பேரைச் சத்தமாகச் சொன்னார். வாசலில் மறித்தவர்தான் தேங்காய் உடைத்தார்.

அம்மா வழிப் பாட்டியின் ஊர் ராசிபுரம் பக்கம். அதுவும் பழைய சேலம் ஜில்லா, 1997 முதல் நாமக்கல் மாவட்டம். அங்கே சொல்ல அதிகமில்லை. பாட்டி வகையறா எல்லாரும் வேலைக்காகத் திருப்பூர் போய்விட்டார்களாம், வீடு இருந்த இடத்தில் கோழிப்பண்ணை. திருப்பூர் போக எனக்குத் தெம்பில்லை. அங்கே அரசாங்க ஊர்ப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, வெளிநாட்டுக்காரி என்று நான் சொல்லியும் கண்டக்டர் பெண் காசை வாங்கவில்லை.

இப்போது உன் விஷயம். உன் பாட்டி ஊர் வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா என்று எழுதியிருக்கிறாய். வட ஆற்காடு என்று இன்று ஒரு மாவட்டமே இல்லை. 1989இல் பிரித்ததில் போளூர் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போய்விட்டது. வேலூரில் இறங்கி அலையாதே. ஊர்ப் பேரைவிடக் குலசாமியின் பேரும், பாட்டியின் அப்பா பேரும், வீட்டுக்கு ஊரார் வைத்த பட்டப்பேரும்தான் உதவும். எந்தத் தெரு என்ற கேள்வி உன்னிடமும் வரும். அதற்கு மனசைத் தயார் செய்துகொண்டு போ. தலையைக் குனியாதே.

உன் அப்பாவுக்குக் காலை நேரத்தில் நினைவு தெளிவாக இருக்கிறது என்றாயே, நாளைக் காலையிலேயே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, சொல்வதை அப்படியே எழுதிக்கொள். நீ சரி என்றால் போளூருக்கு நானும் கூட வருகிறேன். பள்ளி விடுமுறை தொடங்கினால் விமான டிக்கெட் விலை ஏறிவிடும், அதற்குள் பதில் போடு. பேரன் பேரையும் மறக்காமல் எழுது.

உன் அன்புத் தோழி,
மல்லிகா