உதவித்தொகைக் கடிதத்தில் நிபந்தனையைத் தேடு

அன்புத் தங்கைக்கு,

நலம். குளிர் பழகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்.

இங்கே அமெரிக்காவில் சிறிய தனியார் சட்டக் கல்லூரி ஒன்று ஜே.டி. என்னும் மூன்று வருஷச் சட்டப் படிப்புக்குப் பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது என்று எழுதியிருந்தாய். அது மூன்று வருஷத்துக்குமா, முதல் வருஷ மதிப்பெண்ணைப் பொறுத்ததா என்று பார்த்தாயா? இங்கே பெரும்பாலும் கர்வ் முறைதான். எத்தனை பேருக்கு ஏ, எத்தனை பேருக்கு சி என்பது பரீட்சைக்கு முன்பே ஏறக்குறைய முடிவாகிவிடும். கர்வின் நடுப்புள்ளி, அதாவது வகுப்பின் நடுவில் இருப்பவரின் சராசரி மதிப்பெண், 2.7, உதவித்தொகைக்கு வேண்டியது 3.0 என்று வைத்துக்கொள். வகுப்பு முழுக்க ராப்பகலாகப் படித்தாலும் பாதிப் பேருக்கு மேல் பணத்தை இழந்தே தீர வேண்டும்.

சட்டக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் வக்கீல் சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷனின் விதிப்படி, அது அங்கீகரித்த ஒவ்வொரு கல்லூரியும் '509' அறிக்கையைத் தன் இணையதளத்தில் போட வேண்டும். நிபந்தனையோடு உதவித்தொகை வாங்கியவர் எத்தனை, இழந்தவர் எத்தனை என்று அதில் இருக்கும். அதைக் காட்டி, நிபந்தனையை எடுத்துவிடச் சொல்லி எழுது. இங்கே பேரம் பேசுவது கௌரவக் குறைச்சல் இல்லை.

வக்கீல் உரிமத்துக்கான பார் தேர்வில் எத்தனை சதவீதம் பேர் தேறுகிறார்கள் என்பதையும் கவனி. தேர்வு எழுதிய பட்டதாரிகளில் 75 சதவீதமாவது பட்டம் வாங்கிய இரண்டு வருஷத்துக்குள் தேற வேண்டும். இல்லையென்றால் கல்லூரியின் அங்கீகாரத்துக்கே ஆபத்து. பழைய பெயரை மட்டும் நம்பாதே. இந்தியானாவில் 1879-ல் தொடங்கிய வால்பரைசோ சட்டக் கல்லூரியே 2020-ல் மூடிவிட்டது.

படிப்பு விஷயத்தில் சிறிய கல்லூரி நல்லதுதான். பேராசிரியருக்கு உன் பெயர் தெரியும். அதனாலேயே ஒளிய இடமில்லை. திடீரென்று எழுப்பி வழக்கைச் சொல்லச் சொல்வார்கள். ஒவ்வொரு தீர்ப்புக்கும் நடந்தது என்ன, சட்டக் கேள்வி என்ன, முடிவு என்ன, காரணம் என்ன என்று அரைப் பக்கம் எழுதி வைத்தால் போதும், அதற்கு மேல் எழுதுவது வீண். பல பாடங்களில் பருவக் கடைசிப் பரீட்சை ஒன்றுதான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். தீர்ப்பை மனப்பாடம் செய்தவர்கள் அதில்தான் விழுகிறார்கள். கேள்வி புதுச் சம்பவமாக வரும். விதியை அதில் பொருத்திக் காட்டினால்தான் மதிப்பெண்.

பாடத்தின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் கணக்கிடுவார்கள். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, வெளியே இரண்டு மணி நேரம் படிப்பு என்பது விதி. 15 கிரெடிட் எடுத்தால் வெளியே மட்டும் 30 மணி. எஃப்-1 மாணவர் விசாவில் பருவ நாட்களில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி வேலை செய்யலாம் என்பதை நம்பி வீட்டு வாடகைக்குக் கணக்குப் போடாதே. முதல் வருஷம் அவ்வளவு நேரம் கிடைக்காது.

முன்பணம் கட்டும் முன் சேர்க்கைக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்து அனுப்பு. பொடி எழுத்துப் பக்கம் விடுபடாமல்.

அன்புடன்,
அண்ணன்