ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு எந்த வாசலில் மானியம் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மாடியில் சோலார் போட மத்திய அரசு தரும் மானியத்தைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போனால் 78,000 என்று புரியும்படி போட்டிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் இரண்டு வீட்டார் விண்ணப்பித்துவிட்டார்கள். அந்தக் கட்டுரை தொடாமல் விட்ட ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொந்த மாடி இருப்பவருக்கு மானியம் எங்கே கிடைக்கும் என்று இன்று தெரிகிறது. ஊர்க் குடிநீர் மோட்டாரைச் சோலாரில் ஓட்டுவது போன்ற பொதுக் காரியத்துக்கு மானியம் தேடிக் கிளம்பினால், எங்கே போய் நிற்பது என்று யாரும் சொல்வதில்லை.

நான் எங்கள் ஊராட்சியில் ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தவள். 2025 ஜனவரியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்துவிட்டது. ஊராட்சிக் கணக்கு வழக்கைப் பார்த்தவர்களுக்கு இரண்டாம் கணக்கு என்றால் என்னவென்று தெரியும். மின்கட்டணமும் குடிநீர் வாரியக் கட்டணமும் கட்டுவதற்கென்றே வைத்திருக்கும் கணக்கு அது. எங்கள் ஊரில் இரண்டு ஆழ்துளைக் கிணறுகள், இரண்டிலும் 7.5 எச்.பி. மோட்டார். ஒரு மோட்டார் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 34 யூனிட், மாதத்துக்கு ஆயிரம் யூனிட். இரண்டுக்கும் சேர்த்துப் பாருங்கள். தெருவிளக்கு தனி. பணம் வரும், அப்படியே மின்கட்டணமாகப் போகும்.

எங்கள் தொட்டி ஆபரேட்டர் காலை ஐந்தரை மணிக்கே மோட்டார் அறைக்குப் போய்விடுவார். வோல்டேஜ் குறைந்த நாளில் ஸ்டார்ட்டர் பிடிக்காது. பச்சைப் பொத்தானை அழுத்துவார், 'டக்' என்று விழுந்துவிடும். மீட்டர் முள் 360 வோல்ட்டைத் தாண்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். வெளியே குடங்கள் வரிசையாக இருக்கும். ஒரு மே மாதத்தில் பதினோரு மணி வெயிலில் நின்றுகொண்டு அவர்தான் கேட்டார்: "அக்கா, இவ்வளவு வெயில் வீணாப் போகுதே, இதை வச்சு மோட்டாரை ஓட்ட முடியாதா?"

முடியும். அதுவும் மற்ற எதைவிடவும் குடிநீருக்கு இது எளிது. சூரிய மின்சாரத்தைச் சேமிக்கப் பேட்டரி வாங்குவது பெரிய செலவு. தண்ணீருக்குப் பேட்டரி வேண்டாம். வெயில் இருக்கும்போது இறைத்து மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிவிட்டால், சாயங்காலமும் மறுநாள் காலையும் குழாயில் வரும். அந்தக் கோடையிலேயே கிராம சபையில் தீர்மானம் போட்டோம். அதற்குப் பிறகு நான் ஏறி இறங்கிய அலுவலகங்களின் பெயரைச் சொல்லி யாரையும் குறைகூற விரும்பவில்லை. ஓர் இடத்தில், "இது வீட்டு இணைப்புக்கு மட்டும்தாம்மா" என்றார்கள். அது உண்மைதான், அந்த மாடி சோலார் திட்டம் வீடுகளுக்கானது. இன்னோர் இடத்தில் விவசாய சோலார் பம்புசெட்டுத் திட்டத்தைப் பற்றிக் கேட்டேன். நல்ல திட்டம், விவசாயிக்கு 60 சதவீதமும், ஆதிதிராவிட, பழங்குடி சிறு குறு விவசாயிகளுக்கு அதைவிடக் கூடுதலாகவும் மானியம் உண்டு. "கிணறு யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார் அங்கிருந்தவர். "புறம்போக்கு சார், ஊர்க் கிணறு" என்றேன். விவசாயி பெயரில் சிட்டா வேண்டும் என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் "இங்கே இல்லை" என்றவரால், "அங்கே போய்க் கேளுங்கள்" என்று சொல்ல முடியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஒரு வழி தென்பட்டது பக்கத்து ஊர்க் குளக்கரையில். துக்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஒரு சிமெண்ட் பலகையைப் பார்த்தேன்: பணியின் பெயர், மதிப்பீடு, 'நமக்கு நாமே திட்டம்', பொதுமக்கள் பங்களிப்பு இவ்வளவு. 2021-22-இல் மறுபடி கொண்டுவந்த இந்தத் திட்டத்தில் ஊரகப் பகுதியில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஐந்து வருடம் உறுப்பினராக இருந்த எனக்கே, வேலை முடிந்து சுண்ணாம்பும் அடித்த பிறகு நட்ட பலகையிலிருந்துதான் இந்த விகிதம் தெரிந்தது. சாதாரண மக்களுக்கு எப்படித் தெரியும்?

அன்றிலிருந்து நானே ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி. இது எல்லாருக்கும் தெரியும். பலருக்கும் தெரியாதது, அதே மாடி சோலார் திட்டத்திலேயே உள்ளாட்சிக்கும் ஒரு பங்கு இருப்பது. ஊராட்சி எல்லைக்குள் பொருத்தப்படும் ஒவ்வொரு வீட்டுச் சோலாருக்கும் ஊராட்சிக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. இருநூறு வீட்டை ஊராட்சி முன்னின்று சேர்த்துவிட்டால் 2 லட்சம். பொதுக் காரியத்துக்கு அது நல்ல முதல். சாணம், மக்கும் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்க, தூய்மை பாரதம் இரண்டாம் கட்டத்தில் ஒரு மாவட்டத்துக்கு 50 லட்சம் வரை ஒதுக்க வழி வைத்திருந்தார்கள். எத்தனை பால் சங்கங்களுக்கு அந்தச் செய்தி எட்டியது?

மாதிரி சூரிய கிராமம் என்று மாவட்டத்துக்கு ஒரு கிராமத்துக்கு 1 கோடி ரூபாயும் இருக்கிறது. ஆனால் 5,000 பேருக்கு மேல் இருக்கும் வருவாய்க் கிராமம்தான் போட்டியிடலாம். எங்கள் ஊரில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. பெரிய ஊருக்கு வருமானம் உண்டு, செல்வாக்கு உண்டு, கேட்டு வாங்க ஆளும் உண்டு. மின்கட்டணம் கழுத்தை நெரிப்பது சின்ன ஊராட்சிகளைத்தான். அவற்றை வாசலிலேயே நிறுத்திவிடுவது நியாயமில்லை. கார்பன் சமநிலை ஊராட்சி (வெளியிடும் கரிவாயுவை ஈடுகட்டும் ஊராட்சி), எரிசக்தித் தன்னிறைவு ஊராட்சி என்று கொடுத்து வந்த தேசிய விருதுகளில் முதல் பரிசு 1 கோடியாக இருந்தது. அது ஏற்கெனவே செய்து முடித்தவர்களுக்கு. தொடங்குகிறவர்களுக்கு முதல் பத்தாயிரம் ரூபாயை யார் தருவது?

இதைப் பேசும்போதெல்லாம் "ஓடந்துறையைப் பாருங்கள்" என்பார்கள். பார்த்திருக்கிறோம். மேட்டுப்பாளையம் பக்கத்தில் அந்த ஊராட்சி 2006-இல் 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவியது. தன் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கே விற்றது. நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அதற்கு ஆன 1 கோடியே 55 லட்சத்தில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு, மீதி வங்கிக் கடன். நாற்பது லட்சம் சேர்த்து வைக்கிற வருமானம் எத்தனை ஊராட்சிகளுக்கு இருக்கிறது? சேமிப்பும் இல்லை, கடன் கொடுப்பாரும் இல்லை என்கிற ஊருக்கு மானியம் ஒன்றுதான் வழி.

மானியத்துக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு தாள். மதிப்பீடு. எவ்வளவு ஆழம், எத்தனை தகடு, எந்த பம்பு, என்ன செலவு என்று பொறியாளர் கையெழுத்திட்ட எஸ்டிமேட் இல்லாமல் எந்த மனுவும் மேலே போகாது. ஒன்றியப் பொறியாளர் சாலை, வீடு, பள்ளிக் கட்டடம் என்று ஏற்கெனவே திணறுகிறார். சோலார் பம்பு அவருக்குப் பழக்கமான வேலையுமில்லை. தனியார் கம்பெனிக்காரர் எழுதித் தருகிறேன் என்கிறார், ஆனால் வேலையையும் அவருக்கே கொடுக்க வேண்டும் என்கிறார். எங்கள் மகளிர் குழுப் பெண்கள் பங்களிப்பு சேர்க்கத் தயாராக இருக்கிறார்கள். வீட்டுக்கு ஐந்நூறு என்று பேசியும் வைத்தாயிற்று. எதற்கு எவ்வளவு என்று சொல்லக் கையில் காகிதம் இல்லாமல் பணத்தை எப்படி வாங்குவது?

அதனால் புதிதாக ஒரு திட்டம் அறிவிக்கும்படி அரசை நான் கேட்கவில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மேசையும் ஒரு பொறியாளரும் போதும். சூரிய மின்சாரம், சாண எரிவாயு, குளம், காடு என்று எந்தப் பொதுக் காரியத்தோடு ஊர் வந்தாலும், இது இந்தத் துறை, இந்த நிதி, இவ்வளவு பங்களிப்பு என்று சொல்லி, அந்த மதிப்பீட்டையும் இலவசமாகப் போட்டுத் தரவேண்டும். வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. மார்ச் 22 தண்ணீர் தினக் கூட்டத்திலாவது, அந்த வருடம் ஊராட்சிகள் கேட்கக்கூடிய மானியங்களைத் தமிழில் ஒரு பக்கம் வாசித்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும்.

ஆசிரியர் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மாடி சோலாருக்கு எழுதியதைப் போலவே பொதுக் காரியங்களுக்கும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். எந்தத் துறை, யாரைப் பார்க்க வேண்டும், என்னென்ன தாள், எந்த மாதத்துக்குள் என்று தெளிவாக இருக்கட்டும். எங்கள் தீர்மான நகலும் பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதுகளும் ஒரே கோப்பில் தயாராக இருக்கின்றன. கட்டுரை வந்த மறுநாளே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஊராட்சி வார்டு உறுப்பினர்,
புதுக்கோட்டை மாவட்டம்.