என்ன ஜோக்கு சார் அது?

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்குக் காது குத்தியதற்கு வர முடியவில்லை, மொய்யை நேரில் வரும்போது தருகிறேன், கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் நடக்கச் சொல்கிறார், முழங்கால் உட்காரச் சொல்கிறது.

"இப்பல்லாம் ஒரு ஜோக்கு சொல்ல முடியலடா, எதுக்கெடுத்தாலும் மனசு புண்பட்டுடுச்சுங்கறான். காமெடியைக் காமெடியா பாக்கத் தெரியாதா?" என்று இரண்டு பக்கத்துக்குப் பொருமியிருந்தாய். ரெண்டு மாதம் முன்னால் என்றால் நானும் ஆமாம் போட்டிருப்பேன். அதற்குள் ஒன்று நடந்துவிட்டது.

எங்கள் பேட்டையில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நகைச்சுவை மன்றம் கூடும். பள்ளிக்கூட ஹால், பிளாஸ்டிக் நாற்காலி, நாற்பது ஐம்பது பேர், கடைசியில் சுண்டலும் டீயும். பெரும்பாலும் நம் வயசுக்காரர்கள். அன்றைக்கு என் முறை. நம் ஹாஸ்டல் நாடகத்தையே ஒற்றை ஆளாகச் செய்துவிடலாம் என்று மைக்கைப் பிடித்தேன். ஞாபகம் இருக்கிறதா, நோயாளியைப் பார்க்கப் போன செவிடன் கதை? நீ நோயாளி, நான் செவிடன். "உடம்பு எப்படி இருக்கு?" "செத்துக்கிட்டிருக்கேன்." "ரொம்ப சந்தோஷம். வைத்தியம் யாரு?" "எமன்." "கைராசிக்காரராச்சே, விட்டுடாதீங்க!" ஹால் அதிர்ந்தது. ஐம்பது வருஷம் ஆகியும் அந்தச் சரக்குக்கு மவுசு குறையவில்லை.

முன்வரிசையில் ஒருவர், எழுபது இருக்கும். இரண்டு காதிலும் மெஷின். மேடை ஏறுகிறவனுக்குச் சிரிக்கிற முகங்கள்தான் சாப்பாடு என்பது உனக்குத் தெரியும், அதனால் அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். அவரும் சிரித்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் அரை விநாடி பிந்தி. முதலில் பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தைப் பார்ப்பார், அது மலர்ந்ததும் இவரும் வாயைத் திறப்பார்.

டீ வரிசையில் என் தோளைத் தொட்டார். "பிரமாதம் சார். இந்த ஹால்ல எதிரொலி ஜாஸ்தி, எனக்கு ஒரு வார்த்தை பிடிபடல. எல்லாரும் சிரிச்சாங்களேன்னு நானும் சிரிச்சேன். என்ன ஜோக்கு சார் அது?"

நாற்பது பேருக்கு மைக்கில் சொன்னதை அந்த ஒருத்தருக்குச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை மாப்ளே. சட்டென்று சர்தார்ஜி ஜோக்கு ஒன்றை எடுத்துவிட்டேன், பக்கத்தில் சர்தார்ஜி யாரும் இல்லை என்கிற தைரியத்தில். யோசித்துப்பார், அந்த லட்சணத்தில் இருக்கிறது நம் கலை.

வீட்டுக்கு வந்து தொல்காப்பியத்தை எடுத்தேன். "எள்ளல் இளமை பேதைமை மடன்" என்று சிரிப்புக்கு நாலு காரணம் சொல்கிறார், முதலில் எள்ளலைத்தான் வைக்கிறார். ஆகவே கேலியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு உரை எழுதிய பேராசிரியர் என்கிற பழைய உரைகாரர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார்: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது. இந்த இரண்டாவதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அரை விநாடி பிந்திச் சிரித்த அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. "அவனே சிரிச்சுட்டான், உனக்கென்ன?" என்று நாம் கேட்போமே, அந்தக் கேள்வி இனி என்னிடம் செல்லாது.

மேடையில் ஜோக்கு சொல்கிற காமெடிக்காரர்களைக் கேஸில் இழுக்கிறார்கள் என்று நீ நீதிமன்றத்தைத் திட்டியிருந்தாய். அதில் பாதி நியாயம் உண்டு. முனவர் ஃபரூக்கி என்கிற காமெடிக்காரரை 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் பிடித்தார்கள், அன்றைய நிகழ்ச்சியை அவர் தொடங்கக்கூட இல்லை. உச்ச நீதிமன்றம் ஜாமீன் தர பிப்ரவரி 5 ஆயிற்று. இன்னொரு காமெடிக்காரர் குணால் காம்ரா கதை இன்னும் வேடிக்கை. 2025 மார்ச்சில் மகாராஷ்டிரத் துணை முதல்வர் ஷிண்டேயைக் கேலி செய்து பாடினார் என்று மும்பையில் அரங்கத்தை உடைத்தார்கள். மனிதர் நம் விழுப்புரம் பக்கம் குடியிருக்கிறார் என்பதால் சென்னை உயர் நீதிமன்றம்தான் முன்ஜாமீன் கொடுத்தது. இந்த இருவர் விஷயத்திலும் நான் உன் கட்சிதான். துணை முதல்வர் என்பவர் போலீசும் தொண்டரும் சூழ நிற்கிறவர், ஒரு பாட்டுக்கு அவர் தாங்குவார்.

ஆனால் அதே கோணிக்குள் சமய் ரெய்னா என்கிற காமெடிக்காரரையும் போட்டுக் கட்டுகிறாயே, அங்கேதான் இடிக்கிறது. 16 கோடி ரூபாய் ஊசி தேவைப்படுகிற கைக்குழந்தையை வைத்து ஜோக்கு. 2025 ஆகஸ்டில் அவரையும் இன்னும் நாலு பேரையும் நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். கோர்ட்டு இதில் எல்லாம் தலையிட வேண்டுமா என்றால், எனக்கும் அரைமனசுதான். இன்று குழந்தைக்காகச் சொல்கிற வாய் நாளை மந்திரிக்காகவும் சொல்லும். அதனால் ஜோக்கு நல்ல ஜோக்காகிவிடுமா? அந்தப் பெற்றோர் முகத்துக்கு நேரே நீ சொல்வாயா?

அப்புறம் ஒன்று. கலைவாணரைப் பற்றி நாம் மேடை மேடையாக என்ன பேசியிருக்கிறோம்? கிந்தனார் கதாகாலட்சேபத்தில், தீண்டாமைக்கு ஆளான ஒரு பையன் படித்து முன்னுக்கு வந்ததைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி ஊரையே யோசிக்க வைத்தார் என்று. சிரிப்புக்கு அவ்வளவு சக்தி உண்டென்று மார்தட்டிவிட்டு, யாருக்காவது அடிபட்டதும் "சும்மா தமாஷுக்குத்தானே" என்று கையை உதறினால் எப்படி? கத்தி காய் நறுக்கும்போது மட்டும்தான் கூரா? இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன்: ஜோக்கு எடுபட்டால் எவனும் "காமெடிதானே" என்று சொல்வதில்லை. எடுபடாதபோதுதான் அந்தச் சீட்டு பையிலிருந்து வெளியே வருகிறது.

கவுண்டமணி செந்திலை விட்டுவிட்டேனா என்று கேட்காதே. டிவியில் வந்தால் இன்றைக்கும் சேனல் மாற்ற மாட்டேன். நிறத்தையும் உடம்பையும் சொல்லித் திட்டுகிற இடம் வரும்போது கொஞ்சம் நெளிகிறேன், அவ்வளவுதான்.

அந்த மெஷின்காரர் அடுத்த கூட்டத்துக்கும் வந்தார். இந்தத் தடவை அவரே மைக் கேட்டார். மெஷினைக் கழற்றி உள்ளங்கையில் பொத்தினார், அது 'கீ'யென்று விசில் அடித்தது, மைக்கில் ஹால் முழுக்கக் கேட்டது. "இது என் பேச்சுக்கு விழுந்த முதல் விசில்" என்றார். சிரிப்பு அடங்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று. ஒரு இந்திப் படம் சம்பந்தமான வழக்கில், 2024 ஜூலையில், ஊனமுற்றவரைத் தாழ்த்துகிற நகைச்சுவை வேறு, ஊனத்தைப் பற்றி நமக்குள்ள எண்ணத்தைப் புரட்டுகிற நகைச்சுவை வேறு என்று உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொல்லியிருந்தது. அதைப் படித்தபோது கொஞ்சம் வழவழவென்றுதான் இருந்தது. அந்த விசிலில் விளங்கிவிட்டது.

அதோடு விட்டாரா? "வீட்டுக்காரி பேச ஆரம்பிச்சா இதைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுடுவேன்" என்று அடுத்ததைப் போட்டார். விழுந்து விழுந்து சிரித்தோம், நானும்தான். அந்த அம்மா அன்று வரவில்லை.

வீட்டில் வந்து இவளிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. துவைத்த துணியை மடித்துக்கொண்டே, "அவருக்காவது கழட்டறதுக்கு ஒரு மெஷின் வேணும்" என்றாள்.

தை பிறந்ததும் வருகிறேன். நெல்லிக்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் எடுத்து வைக்கச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்