கொறங்காட்டை உழ வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் புல்லே இல்லை, டிராக்டர் விட்டு உழுது சோளம் விதைக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். காங்கேயம் பக்கத்துச் சரளை மண்ணில் மேல்மண் கொஞ்சம்தான். புல்வேர் பிடித்து வைத்திருப்பதையும் கிளறிவிட்டால் ஆடிக்காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்.

முதலில் குனிந்து பார். கொழுக்கட்டைப்புல் தூர் ஒன்றைப் பிரித்து அடித்தண்டைக் கிள்ளு. கெட்டியாக, உள்ளே வெளுப்போ பச்சையோ ஓடினால் உயிர் இருக்கிறது. தூளாக உதிர்ந்தால் செத்த தூர். மேட்டிலும் பள்ளத்திலுமாகப் பத்துப் பதினைந்து இடத்தில் பார். வேலிக் கிளுவை இலையுதிர்த்து மொட்டையாக நிற்பதைக் கண்டு பயப்படாதே, கோடையில் அது அப்படித்தான். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் பச்சை தெரியும். சந்து விழுந்த இடத்துக்கு கிளுவையில் 4 அடிப் போத்து (நடுவதற்கான கிளைத்துண்டு) வெட்டி, சில நாள் நிழலில் ஆறப்போட்டு, மழைக்கு முன்னால் முக்கால் அடி ஆழத்தில் நடு. வெட்டிய உடனே ஈரத்தில் நட்டால் அடி அழுகும்.

தூர் உயிரோடு இருந்தால் நாலு விரற்கடைக்குக் கீழே கடிக்க விடாதே. அடுத்த துளிருக்கான சேமிப்பு அடித்தண்டில்தான் இருக்கிறது. ஐப்பசி மழையை நம்பி அதையும் மேய்த்துத் தீர்க்கிறவர்கள் உண்டு. 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது நினைவிருக்கட்டும்.

கொறங்காடு கெடுவது பெரும்பாலும் வறட்சியில் இல்லை, மழை பெய்த மறுவாரம்தான். பச்சை தெரிந்ததும் பட்டியைத் திறந்துவிடுகிறோம். சேமிப்பை எல்லாம் செலவழித்துத் துளிர்த்த புல்லை ஈர மண்ணிலிருந்து செம்மறி வேரோடு பிடுங்கிவிடும். புல் கதிர்விட்டு விதை உதிரும்வரை படலைச் சாத்தி வை. அதுவரை உலர்தட்டுதான். அறுத்த கட்டையிலிருந்து மழைக்குப் பின் துளிர்க்கும் சோள மறுதாம்பிலும், முழங்கால் உயரத்தில் வாடி நிற்கும் சோளப்பயிரிலும் மாட்டை விடாதே. அதில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். மூச்சிரைத்து, நுரைதள்ளி மாடு விழுந்தால் அவகாசம் நிமிடக்கணக்கில்தான். கால்நடை மருத்துவர் போடும் சோடியம் தயோசல்பேட் ஊசிதான் நஞ்சுமுறி.

செத்த தூர் அதிகமுள்ள இடத்தில் மட்டும் கொழுக்கட்டைப்புல் விதை தூவு. ஏக்கருக்கு 3 கிலோ போதும். புது விதை உறங்கும், முளைக்காது. போன வருட விதையாகக் கேட்டு வாங்கு. பஞ்சுபோல் பறக்கும் என்பதால் ஈர மணலில் கலந்து, காற்றில்லாத நேரத்தில், மழை இறங்கிய பிறகு தூவு. காய்ந்த மண்ணில் முன்கூட்டியே தூவினால் எறும்புக்குத்தான் விருந்து.

எறும்பைக் குறை சொல்லவில்லை. புற்று வாயைச் சுற்றிப் புல்விதையின் உமி வட்டமாகக் கிடந்தால், அந்தப் பக்கத்தில் விதை உதிர்ந்திருக்கிறது என்று பொருள். காய்ந்த சாணத்தைப் புரட்டிப் பார். கரையான் மண் பூசியிருந்தால் விட்டுவிடு, மருந்து அடிக்காதே. அது குடைந்த துளை வழியாகத்தான் இறுகிய தரையில் முதல் மழை உள்ளே இறங்கும்.

வெள்வேல் காயைத் தின்ற மாடு விதையைச் சாணத்தில் போட்டு மரம் வளர்த்துக் கொடுக்கும். சீமைக்கருவேலங்காய்க்கும் அதே வேலையைச் செய்யும் என்பதுதான் வம்பு. வெளியில் மேய்ந்து வந்த மந்தையை ஒரு வாரம் பட்டியில் அடைத்துவிட்டு உள்ளே விடு. முளைத்துவிட்டால் தரைமட்டத்தில் வெட்டிப் பயனில்லை. ஓர் அடி தோண்டி வேர்க்கழுத்தோடு எடு.

தண்ணீர்த் தொட்டியில் ஒரு முள்ளில்லாத கிளையைச் சாய்த்து வை. ஓணானும் தேனீயும் விழுந்து சாகாமல் ஏறிக்கொள்ளும், தண்ணீரும் நாறாது. வெறுந்தரையில் ஆள்காட்டிக் குருவி கத்திக்கொண்டே உன்னைச் சுற்றிப் பறந்தால் அப்படியே நில். கல்லோடு கல்லாக நாலு முட்டை காலடியிலேயே இருக்கலாம்.

அன்புடன்,
அண்ணன்