பயிற்சி நாளை உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள்: பட்டாசுத் தொழிற்சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் இயங்கும் பட்டாசுத் தொழிலாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

பல ஆண்டுகளாகச் சந்தா செலுத்திவரும் உறுப்பினன் என்ற உரிமையில் எழுதுகிறேன். விபத்துக்குப் பிறகு நீங்கள் செய்யும் பணியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மருத்துவமனை வாசலில் நிற்பவர்களும், நிவாரணத்துக்காக ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைபவர்களும் நீங்கள்தாம். நான் கேட்பது விபத்துக்கு முந்தைய நாள்களைப் பற்றி. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் சிவகாசியில் போர்மேன்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறது. அது எந்த நாளில் நடக்கிறது, எந்த ஆலையிலிருந்து யார் போனார்கள், யார் இன்னும் போகவில்லை என்ற விவரம் எதுவும் எங்கள் சங்கத்திலிருந்து எங்களுக்கு வந்ததில்லை. தீபாவளி போனஸ் பேச்சுவார்த்தை என்றால் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊர் ஊராக அறிவிக்கத் தெரிந்த சங்கத்துக்கு, இதை அறிவிக்க வழியில்லாமல் போகாது.

வெடிமருந்து கலந்து நிரப்பும் மருந்து அறையில் வேலை செய்கிறவர்களுக்குப் பழக்கம் உண்டு. காரணம் சொல்லித் தரப்படுவதில்லை. வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று தெரியும், உடலில் ஏறிய நிலைமின்சாரத்தை அது இறக்குகிறது என்பது தெரியாது. அதனால் அவசரத்தில் தொடாமல் போகிறார்கள். அலுமினியப் பொடி சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும் என்று அறியாதவர், மிச்ச மருந்தை மறுநாளுக்கு மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளைத் தடைசெய்த பிறகு கலவைகளும் மாறின. மூத்தவர்களின் கையைப் பார்த்துக் கற்ற தொழில், கலவை மாறும்போது போதாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் முதல் தீயைப் பார்த்து உதவ ஓடியவர்கள், அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். ஓடி உதவுவதையே வளர்ப்பாகக் கொண்ட ஊர்களில், எப்போது நெருங்கக் கூடாது என்பதையும் யாராவது கற்றுத்தர வேண்டாமா?

பயிற்சிக்கு அனுப்புவது முதலாளியின் பொறுப்பு என்று ஒரு நிர்வாகி என்னிடம் சொன்னார். சட்டப்படி அது உண்மை. ஆனால் போபால் துயரத்துக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 111ஏ பிரிவு, பாதுகாப்புத் தகவலையும் பயிற்சியையும் தொழிலாளியின் உரிமையாக்கியதோடு, குறை இருந்தால் ஆய்வாளரிடம் நேரடியாகவோ தன் பிரதிநிதி மூலமாகவோ முறையிடலாம் என்றும் சொன்னது. அந்தப் பிரதிநிதி சங்கம்தானே? உரிமை இருப்பதையே உறுப்பினர் அறியாதபோது, அவர் எதை வைத்து முறையிடுவார்?

பீஸ் ரேட்டில், அதாவது செய்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில், வேலை செய்கிறவருக்குப் பயிற்சி நாள் என்பது கூலி இல்லாத நாள். முதலாளி அனுப்பத் தயங்குவதும், தொழிலாளி போகத் தயங்குவதும் இந்த ஒரே இடத்தில் முட்டுகின்றன. கூலி ஒப்பந்தத்தில் பயிற்சி நாளுக்கும் கூலி உண்டு என்று ஒரு வரி சேர்க்கும்படி நீங்கள் எப்போதாவது கேட்டீர்களா, கேட்டிருந்தால் என்ன பதில் வந்தது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு உரிமை உண்டு. உரிமம் பெற்றவர் வேறொருவருக்கு உள்குத்தகைக்கு விட்ட அறைகளில் வேலை செய்கிறவர்களின் நிலை இன்னும் மோசம். வருகைப் பதிவேட்டில் பெயரே இல்லாதவர் பயிற்சிப் பட்டியலில் எப்படி இருப்பார்? 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது உள்குத்தகை பற்றி எல்லோரும் பேசினோம். அதற்குப் பிறகு சங்கம் என்ன செய்தது என்று உறுப்பினர்களிடம் யாரும் விளக்கவில்லை.

பயிற்சி பற்றிச் சங்கம் சத்தமாகப் பேசினால் ஆய்வு வரும், ஆலைக்குப் பூட்டு விழும், வேலை போகும் என்ற அச்சம் உங்களிடம் இருப்பதை அறிவேன். எங்களிடமும் அது இருக்கிறது. பள்ளிக் கட்டணமும் குழுக் கடனும் பூட்டிய ஆலைக்காகக் காத்திருக்காது. அப்படியானால் அந்த அச்சத்தைப் பொதுக்குழுவில் எல்லோர் முன்னாலும் வைத்துப் பேசுவோம். நிர்வாகிகள் சிலர் தமக்குள்ளேயே எடைபோட்டு, எங்கள் சார்பில் மௌனத்தைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கவில்லை.

1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமே சங்கக் கணக்கைப் பார்க்கும் உரிமையை உறுப்பினருக்குத் தந்தது. பணத்துக்குக் கணக்கு உண்டென்றால் பாதுகாப்புக்கும் வேண்டும். பொதுக்குழுவில் வரவு செலவு வாசிக்கப்படும்போது, எந்தெந்த ஆலைகளிலிருந்து எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள், ஆலைப் பாதுகாப்புக் குழுவில் நம் பிரதிநிதி என்ன கேட்டார், நிர்வாகம் என்ன சொன்னது என்பதையும் வாசியுங்கள். மருந்து அறைகளில் நிறைந்திருக்கும் பெண்களில் சிலரையாவது அந்தக் குழுக்களுக்கு முன்மொழியுங்கள். பயிற்சித் தேதியை ஆலை வேன் நிற்கும் இடங்களில் ஒரு வாரம் முன்பே எழுதி ஒட்டுங்கள். வெயில் ஏறும் சித்திரைக்கு முன் இவற்றில் எதை முடிப்பீர்கள், எதை முடியாது என்கிறீர்கள் என்பதை எழுத்தில் உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தோழமையுடன்,
உறுப்பினன் ஒருவன்,
வெம்பக்கோட்டை வட்டாரம்